சீலகாந்த் மீனை அடையாளம் காண்பது

மதுரையில் கடல் இல்லை. சிறுவயதில் ஞாயிறுதோறும் அப்பாவுடன் கரிமேடு மீன் சந்தைக்குப் போய், ராமேசுவரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பனிக்கட்டியில் வந்திறங்கிய சீலாவையும் பாறையையும் பார்த்தே மீன்களை அறிந்தேன். அவற்றின் துடுப்பு விசிறி போன்றது; மெல்லிய கதிர்கள் உடலை ஒட்டியே விரியும். ஆழ்கடல் மீனான சீலகாந்தை இனங்காண இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஏனெனில் சீலகாந்தின் மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும், உள்ளே எலும்பு கொண்ட சதைக் காம்புகளின் நுனியில் அமைந்திருக்கின்றன. இரண்டாம் முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் அவ்வாறே. முதல் முதுகுத் துடுப்பு மட்டும் நாமறிந்த விசிறி. வால் மூன்று மடல்களாகப் பிரிந்து, நடுமடல் சிறிதாக நீண்டிருக்கும். நிறத்தை நம்பக் கூடாது என்பது என் கருத்து: ஆப்பிரிக்க இனத்தின் வெண்புள்ளிகள் கொண்ட நீலம் இறந்தபின் பழுப்பாகிவிடும், இந்தோனேசிய இனமோ உயிரோடிருக்கும்போதே பழுப்புதான். 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், அருங்காட்சியகப் பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாடிமரின் கண்ணில் முதலில் பட்டதும் மீன் குவியலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு துடுப்புதான். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாகக் கருதப்பட்ட குலம் சீலகாந்த்.

கால் போன்ற துடுப்பு என்பதால் இம்மீன் கடலடியில் நடக்கும் என்று பலரும் நம்பினர், நானும் நம்பியிருந்தேன். 1987இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஹான்ஸ் ஃபிரிக்கே குழுவினர், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலிலுள்ள கொமோரோஸ் தீவுகளருகே நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கிப் பார்த்தபோது, அது நடக்கவில்லை; துடுப்புகளை நான்குகால் விலங்கின் ஓட்டம்போல் மாற்றி மாற்றி அசைத்து, நீரோட்டத்தில் மெதுவாக மிதந்து சென்றது. பகலில் 150 முதல் 250 மீட்டர் ஆழத்திலுள்ள எரிமலைப் பாறைக் குகைகளில் பல மீன்கள் சேர்ந்து ஓய்வெடுக்கின்றன. இரவில் இரை தேடி இன்னும் ஆழத்திற்கு இறங்குகின்றன.

அந்த ஆழத்தின் குளிர்ந்த நீர்தான் சீலகாந்துக்கு உயிர். செவுள்களின் பரப்பு சிறியது. இரத்தம் ஆக்சிஜனை நன்கு ஏற்பதும் சுமார் 15 டிகிரி வெப்பத்தில்தான். கொமோரோஸ் மீனவர்கள் வேறொரு மீனுக்காக இரவில் இறக்கும் தூண்டிலில் சிக்கி, வெதுவெதுப்பான மேல்நீருக்கு வந்துவிட்டால், சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறி இறந்துவிடுகிறது. இத்தனைக்கும் எண்ணெய்ப் பசை மிகுந்த அதன் இறைச்சியை அங்கே யாரும் விரும்பி உண்பதில்லை.