ஜீப்ரா மீன் குஞ்சும் ஃபெஞ்சல் புயலும்: புதுச்சேரி ஆய்வகக் குறிப்புகள்

25 நவம்பர் 2024, திங்கள்

புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இன்று குஞ்சு பதிக்கக் கற்றுக்கொடுத்தேன். கருவுற்று மூன்று நாளான ஜீப்ரா மீன் குஞ்சு மூன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். ட்ரிகைன் என்ற மயக்க மருந்து கொடுத்து, இளஞ்சூட்டில் இளகியிருக்கும் அகரோஸ் கூழில் விட்டு, அது இறுகுவதற்குள் ஒருக்களித்துச் சாய்க்க வேண்டும். அதற்கென்று எங்களிடம் இருக்கும் கருவி, குச்சி முனையில் ஒட்டிய ஓர் இமைமயிர். "யாரோடதுக்கா?" என்றாள். முந்தின சீனியருடையது. பட்டம் வாங்கிப் போய்விட்டார், இமை மட்டும் இங்கே வேலை பார்க்கிறது.

சரியாகச் சாய்த்தால் கண்ணுக்கும் மஞ்சள்கருப் பைக்கும் நடுவில் இதயம் துடிப்பது தெரியும். மீனுக்கு ரத்தத்தை வாங்கும் அறை (ஏட்ரியம்) ஒன்று, அதை வெளியே தள்ளும் அறை (வென்ட்ரிக்கிள்) ஒன்று, அவ்வளவுதான். முதல் அறை சுருங்க, சிவப்பணுக்கள் அடுத்த அறைக்குள் உருண்டு போவதைத் தனித்தனியாகவே பார்க்கலாம். "அறுக்கவே வேணாமா?" என்று வாயைப் பிளந்தாள். வேண்டாம். மீனுக்கு இவ்வளவு மவுசு வந்ததே அதனால்தான். இன்று பார்த்த அதே குஞ்சை நாளைக்கும் பார்க்கலாம்.

27 நவம்பர், புதன்

நாள் முழுக்கக் கணக்கு. இதய வீடியோவில் வென்ட்ரிக்கிள் விரிந்திருக்கும் ஃப்ரேமையும் சுருங்கிய ஃப்ரேமையும் எடுத்து, நெட்டச்சையும் குட்டச்சையும் அளக்க வேண்டும். குட்டச்சின் வர்க்கத்தை நெட்டச்சால் பெருக்கி, பை (π) மதிப்பை ஆறால் வகுத்ததோடு மறுபடி பெருக்கினால் கன அளவு வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம். இதயம் பந்து மாதிரி உருண்டை என்று நினைத்துக்கொள்ளும் கணக்கு இல்லை. நீள்கோளம் என்று கொள்வது. அதுவும் ஓரளவுக்குத்தான் உண்மை.

குஞ்சின் உடலில் நிறமி வந்து இதயத்தை மறைக்காமல் இருக்க நீரில் பி.டி.யூ. என்ற வேதிப்பொருளைக் கலக்கிறோம். அது தைராய்டையும் தொடும். இதை எழுதாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

28 நவம்பர், வியாழன்

மேடம் அறையில் கூட்டம். சுண்டெலியில் இதையே செய்ய முடியாதா என்று ஒருவர் கேட்டார். சுண்டெலி இதயம் நிமிடத்துக்கு 500, 600 தடவை அடிக்கும். வேகத்தைக்கூட நல்ல கேமரா சமாளித்துவிடும். தோல், விலா எலும்பு, நுரையீரல் எல்லாம் ஒளியைச் சிதறடிப்பதுதான் சிக்கல். 1991-ல் வெளிவந்த ஓ.சி.டி. (ஆப்டிகல் கோஹரன்ஸ் டோமோகிராஃபி) முறை, அண்மை அகச்சிவப்பு ஒளி திரும்பி வருவதை வைத்துக் குறுக்குவெட்டுப் படம் தரும். ஆனால் திசுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. கோழிக் கருவுக்கும் எலிக் கருவுக்கும் அருமை. வளர்ந்த எலியின் நெஞ்சுக்கு வெளியிலிருந்து எட்டாது. இன்னும் ஆழம் வேண்டுமென்றால் ஒளியொலி முறை இருக்கிறது: லேசர் துடிப்பு படும்போது ரத்தம் ஒளியை உறிஞ்சி லேசாக விரியும். அதில் பிறக்கும் மீயொலியைக் கேட்டுப் படம் வரைவார்கள். நம்மிடம் அந்தக் கருவி இல்லை, பேச்சு அத்தோடு முடிந்தது.

30 நவம்பர், சனி

காலையிலிருந்து விடாத மழை. நேற்றுக் காலை இட்ட முட்டைகள் இன்குபேட்டரில். போக வழியில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் நேற்று இரவு நம் ஊர் அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. அம்மா கேட்டாள், "இந்த நேரத்துல மீனைப் பத்தி என்ன கவலை?" நியாயம்தான்.

3 டிசம்பர், செவ்வாய்

கரண்ட் வந்துவிட்டது, போய்ப் பார்த்தேன். 28.5 டிகிரியில் இருக்க வேண்டிய இன்குபேட்டர் புயல் குளிரில் எவ்வளவு நேரம் அணைந்து கிடந்ததோ. குஞ்சுகள் உயிரோடுதான் இருக்கின்றன. நான்கு நாள் ஆகிறது, தோற்றம் நான்கு நாளுக்கு இல்லை. குளிரில் ஜீப்ரா மீன் மெதுவாகத்தான் வளரும், இதயமும் நிதானமாக அடிக்கும். இன்குபேட்டர் மறுபடி சூடாவதற்குள் ஒன்றை எடுத்து மைக்ரோஸ்கோப் ஸ்டேஜில் வைத்தேன். வழக்கமாக இந்த வயதில் நிமிடத்துக்கு 120-க்கு மேல் இருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது, ஆனால் தாளம் பிசகவில்லை.

இதைப் பார்த்தபின் ஒன்று உறுத்துகிறது. கத்தி வைக்கவில்லை என்பதற்காக நாம் அதைத் தொந்தரவு செய்யவில்லை என்று ஆகிவிடாது. ட்ரிகைன், செல்களில் சோடியம் நுழையும் வாயில்களை அடைக்கும் மருந்து. அளவு கூடினால் இதயத்துடிப்பையே குறைக்கும். விளக்கின் சூடு, ஏசியின் குளிர், அகரோஸின் இறுக்கம் எல்லாமே எண்ணில் சேர்ந்துதான் வருகின்றன. புதுப் பெண் புயல் நாள் எண்களைத் தூக்கிப் போடலாம் என்றாள். எனக்கு மனசில்லை. தனி வரிசையில் வெப்பநிலையோடு குறித்து வைக்கச் சொன்னேன்.

5 டிசம்பர், வியாழன்

மேடத்திடம் பேசினேன். இனி ஒவ்வொரு படத்திலும் தட்டு நீரின் வெப்பநிலை எழுதப்படும். ட்ரிகைன் இல்லாமல் அகரோஸில் மட்டும் பதித்த குஞ்சுகள் ஒரு தொகுதி, மருந்தோடு ஒன்று. வயதை மணியில் எண்ணாமல் உருவ நிலையைப் பார்த்தே முடிவு செய்வோம். சரி என்றார். மைக்ரோஸ்கோப் ஸ்டேஜுக்கு வெப்பத் தட்டு வேண்டும், அதற்கு மூன்று கொட்டேஷன் கேட்டிருக்கிறார்கள். நாளைக்கு போன் போட வேண்டும்.