மாதவரம் வீட்டுச் சுவருக்கு மீண்டும் சுண்ணாம்பு

மாதவரத்தில் எங்கள் பாட்டனார் விட்டுச்சென்ற பண்ணை வீட்டைச் சுற்றி இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. நெல் அடித்த களத்தில் பாதி தெருவாகிவிட்டது. ஆயினும் திண்ணையும், ரேழியும், முற்றமும், குதிர்கள் நின்ற உள்ளறையும், பின்கட்டில் பனங்கைகளின் மேல் நாட்டு ஓடு வேய்ந்த மாட்டுத் தொழுவமும் அப்படியே இருக்கின்றன.

முன்கட்டின் மேல்தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ வகையைச் சேர்ந்தது. தேக்குக் கட்டைகளை நெருக்கமாக அமைத்து, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கிய பிறகே தட்டோடு பதிப்பார்கள். கம்பியோ சிமெண்டோ இல்லாத அந்தத் தளத்தின் கீழ், சித்திரை வெயிலிலும் எங்கள் கூடம் குளிர்ந்திருக்கும்.

இத்தகைய வீட்டுக்கு நாங்களே ஒரு தீங்கு செய்தோம். சுவரின் அடியில் ஈரம் கண்டதும் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சிமெண்ட் பூசினோம். தரையிலிருந்து செங்கல் உறிஞ்சும் நீரைச் சுண்ணாம்புப் பூச்சு காற்றில் உலரவிடும். சிமெண்ட் அதற்கு இடந்தராது. வெளியேற வழியற்ற ஈரம் இடுப்பளவிலிருந்து தலைக்கு மேல் ஏறியது. அதனுடன் வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கியது. சுவருக்குள் பதிந்திருந்த இரண்டு தேக்குக் கட்டைகளின் முனைகளும் உளுத்துப்போயிருந்ததைக் கண்டபோதுதான் என் மனம் உடைந்தது.

சென்ற ஆண்டு அந்தச் சிமெண்ட்டை முழுவதும் உடைத்தெடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே போட்டு உலர்த்தினோம். உளுத்த முனைகளை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டோம். இரும்பு உத்திரம் வைத்தால் வேலை விரைவில் முடியும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றுத்தான் கல்லாக இறுகும் என்பதால், ஒவ்வொரு பூச்சையும் மெல்லியதாகப் பூசி, ஈரச் சாக்கால் மூடி, நாள்கணக்கில் காத்திருந்தே அடுத்ததைத் தொட்டோம். ஐப்பசி மழைக்குள் மேற்குச் சுவர் மட்டுமே முடிந்தது. கிழக்குச் சுவரைத் தை பிறந்ததும் தொடங்குவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். அதற்கான சுண்ணாம்பு தொழுவத்துத் தொட்டியில் நீருக்கடியில் ஊறிக்கொண்டிருக்கிறது.