மிமுலஸா, லார்ச்சா?

"கம்ஃபர்ட் சோனை விட்டு வெளியே வாங்க" என்ற புத்திமதியைக் கேட்காமல் இப்போது எந்த வேலையிடத்திலும் காலம் தள்ள முடியாது. எங்கள் காப்புறுதிக் கொம்பனியிலும் வருடத்துக்கு ஒரு தரம் ஏதாவது ஹோட்டல் மண்டபத்தில் எங்களை இருத்தி, பலூன் ஊதவைத்து, கைதட்டவைத்து இதைச் சொல்லித் தருவார்கள். சொல்பவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒருவர் ஏன் பழகின வட்டத்துக்குள்ளேயே இருக்கிறார் என்று அவர்கள் கேட்டு நான் பார்த்ததில்லை. சோம்பலா? தன்னால் ஏலாது என்ற எண்ணமா? இல்லை, வெளியே போய் ஒரு தரம் அடிபட்டு உள்ளே வந்தவரா? மூன்று பேருக்கும் ஒரே பலூன்.

நான் நட்டஈட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வடக்கு, கிழக்கிலிருந்து தமிழில் வரும் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, சாரதி அனுமதிப்பத்திரம், கராஜ்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட், மதிப்பீட்டாளரின் அறிக்கை, நசுங்கின பம்பரின் நாலைந்து படங்கள். இவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால் கதை எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று எனக்குப் பிடிபட்டுவிடும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதில் ஆட்களோடு அதிகம் பேசத் தேவையில்லை என்பதும் எனக்குப் பிடிக்கும்.

கிளைகளிலிருந்து வரும் கோப்புகள் குறையோடு வந்து திரும்பிப் போவது கூடிக்கொண்டே போனது. குருநாகல், மாத்தறை, அனுராதபுரம் என்று போய் அங்குள்ளவர்களுக்கு நானே பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மனேஜர் சொன்னார். சிங்களத்தில். நான் மரியாதையாக மறுத்தேன். அந்த வருட மதிப்பீட்டுப் படிவத்தில், வேலை திறம், தன்னம்பிக்கை போதாது என்று எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அப்படித்தான் தெரியும்.

கணக்குப் பிரிவில் ஓய்வுக்குக் கிட்ட நிற்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய மேசை லாச்சிக்குள் சொட்டுக்குழாய் வைத்த சின்னச் சின்னக் கபில நிறப் போத்தல்கள். லண்டனிலிருக்கும் தங்கச்சி வரும்போதெல்லாம் சொக்கலேட்டோடு சேர்த்து அவற்றையும் கொண்டுவருவார். மனநிலையைச் சரிசெய்வதற்கென்று பூக்களிலிருந்து செய்யும் மலர் மருந்துகள் அவை. மலர் மருந்து என்றால் கந்தோரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு. மீதிப் பேர் சோதனைக்கு முதல்நாள் பிள்ளைக்குக் கொடுக்க இரண்டு சொட்டு வாங்கிப் போவார்கள். சிரித்தவர்களில் சிலரும் வாங்கிப் போவார்கள் என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டு நேரம் நான் கதையைச் சொன்னதும் அக்கா போத்தலைத் தூக்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"உமக்கு எது பிள்ளை? உம்மால செய்ய ஏலாது எண்டு நினைக்கிறீரா? இல்லாட்டி செய்ய வெளிக்கிட்டா ஏதும் நடந்திடும் எண்டு பயப்பிடுறீரா?"

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா?"

"ஒண்டில்லை. முந்தினதுக்கு லார்ச். பிந்தினதுக்கு மிமுலஸ். யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாரும்."

இந்த முறையை உண்டாக்கிய டொக்டர் எட்வேர்ட் பாச், 1886 இல் பிறந்த ஆங்கிலேயர். லண்டனில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சியும் வைத்தியமுமாக நன்றாக இருந்த மனிதர், 1930 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டுப்புறத்தில் பூத் தேடித் திரியப் போனார். (வட்டத்தை விட்டு வெளியே வந்தவர் என்று யாருக்காவது பதக்கம் கொடுப்பதென்றால் முதலில் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.) 1936 இல் இறக்கும்போது 38 மருந்துகளை விட்டுப்போனார். அவற்றில் ஒன்று பூவே இல்லை, ஊற்றுத் தண்ணீர். இன்னொன்று அவசரக்காரருக்கான இம்பேஷன்ஸ். அது நம் முற்றத்துக் காசித்தும்பையின் இனம், இமயமலைப் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க் குடியேறியது.

செய்முறை எளிது. ஊற்றுத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தில் பூக்களை மிதக்கவிட்டு, நல்ல வெயிலில் மூன்று மணித்தியாலம் அளவில் வைப்பார்கள். மரவகைகள் பலவற்றை அரை மணித்தியாலம் கொதிக்க வைப்பார்கள். அந்தத் தண்ணீரோடு சம அளவு பிராந்தி சேர்த்தால் தாய்க் கரைசல். அதில் இரண்டு துளியை 30 மில்லிலீற்றர் பிராந்தியில் விட்டால் கடைப் போத்தல். பிராந்தி என்ற சொல் அம்மாவின் காதில் விழுந்த அன்று வெள்ளவத்தை வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை. பிராந்திக்குப் பதிலாகக் கிளிசரின் சேர்த்த வகையும் உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

நோயின் பெயரைப் பார்க்காமல் ஆளின் மனநிலையைப் பார்த்துத்தான் பாச் மருந்து பிரித்தார். மற்றவர்கள் அளவுக்குத் தனக்குத் திறமை இல்லை, தோற்கத்தான் போகிறோம் என்று முன்கூட்டியே நினைத்து, முயற்சியே செய்யாமல் இருப்பவருக்கு லார்ச் என்ற மரத்தின் மருந்து. இன்னதற்குப் பயம் என்று தெரிந்த அன்றாடப் பயங்களோடு, அவற்றை வெளியே சொல்லாமல் சுமந்து திரிபவருக்கு மிமுலஸ். அது ஓடைக்கரைகளில் பூக்கும் மஞ்சள் பூ. எதற்கென்றே தெரியாத பயத்துக்கு வேறொன்று, ஆஸ்பென் மரம்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். நட்டஈட்டுச் சட்டதிட்டம் அந்தப் பிரிவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சிங்களமும் சந்தைக்கும் பஸ்ஸுக்கும் போதுமானது என்பதைவிடக் கொஞ்சம் மேலானது. அப்படியென்றால் முப்பது பேருக்கு முன்னால் நின்று அந்த மொழியில் சத்தமாகப் பேசுவது என்று நினைத்தவுடன் வயிறு ஏன் இறுக வேண்டும்?

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் வழிமறித்தவர்கள் வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்ல வைத்து, உச்சரிப்பைக் கேட்டு ஆளைப் பிரித்தார்கள் என்ற கதை கொழும்பின் எத்தனையோ தமிழ் வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. நான் வளர்ந்த காலத்தில் சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும் அன்றாடம். 2007 ஜூனில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் விடியமுன் எழுப்பப்பட்டு, பஸ்களில் வவுனியா போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்த பிறகுதான் அது நின்றது. அந்த நாட்களில் காலி வீதி பஸ்ஸில் போன் வந்தால் அம்மா என் கையைப் பிடித்து அழுத்துவார். எடுக்காதே என்று அர்த்தம். எடுத்தாலும் "ம்", "சரி"யோடு முடித்துவிடுவோம். பிழையான உச்சரிப்பு ஆபத்து என்று கற்றுத்தந்தது என் கற்பனை அல்ல, இந்த நகரம்.

ஆகவே மனேஜர் படிவத்தில் எழுதியது லார்ச். எனக்கிருந்தது மிமுலஸ். தமிழர்கள் ஒதுங்கி இருக்கிறார்கள், கூட்டத்தில் வாய் திறக்கிறார்கள் இல்லை என்று கொழும்புக் கந்தோர்களில் அடிக்கடி கேட்கும் குறையிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன்னம்பிக்கை இல்லாதவரை உற்சாகப்படுத்தினால் சில நேரம் பலன் கிடைக்கும். எச்சரிக்கையாக இருக்கப் பழகின ஆளை உற்சாகப்படுத்தினால் அவர் இன்னும் உள்ளே போய்விடுவார். அவருக்குக் கைதட்டு உதவாது. பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் உதவும்.

அடுத்த நாள் அக்காவிடம் மிமுலஸ் என்றேன். அவர் தண்ணீர்க் கிளாஸில் இரண்டு துளி விட்டு, இடைக்கிடை வாய் வைத்துக் குடி என்றார். ஒரு மணமும் இல்லை, பிராந்தியின் லேசான காரம் மட்டும். மனேஜரிடமும் போனேன். பயிற்சி கொடுக்கிறேன், ஆனால் முதலில் கொழும்பில் எனக்குத் தெரிந்த சின்னக் கூட்டத்துக்கு, பிறகு வெளியூர், அங்கும் என்னோடு ஒரு சிங்களத் தோழி வர வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். வாளிக் கதையைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, போக்குவரத்துச் செலவுப் படிவத்தில் இரண்டு பெயர் எழுதினார்.

கொழும்புக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குருநாகலில்தான் விஷயம் நடந்தது. ஸ்லைடுகளைத் தோழி திருத்தித் தந்திருந்தாள். பேச்சை யாரும் திருத்தித் தர முடியாதே. நான் ஒரு சொல்லைப் பிசகிச் சொன்னதும், முன்வரிசையில் இருந்த வயதான கிளார்க் ஒருவர் சத்தமாகச் சரியானதைச் சொன்னார். மண்டபம் சிரித்தது. என் காது சூடாகியது. அவர் உடனேயே கையை உயர்த்தி, "மிஸ், தனியார் பாவனைக்குக் காப்புறுதி எடுத்த த்ரீவீலரை ஒருத்தன் வாடகைக்கு ஓட்டி அடிபட்டால் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

அது என் மேசையில் கிழமைக்குக் கிழமை வரும் கோப்பு. வாகனம் என்ன பாவனைக்கென்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதோ அதற்குத்தான் காப்பு. வாடகைக்கு ஓடியது உறுதியானால் தன் வண்டியின் சேதத்துக்கு அவர் கேட்கும் நட்டஈடு நிராகரிக்கப்படலாம். ஆனால் அடிபட்ட மூன்றாம் ஆளின் உரிமை வேறு சட்டத்தின் கீழ் வருகிறது, இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக் குழப்பக்கூடாது. பயணியின் வாக்குமூலம் இல்லாமல் வாடகை ஓட்டம் என்று எழுதி அனுப்பினால் கோப்பு திரும்பி வரும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனதில் எந்த மொழியில் பேசுகிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தேநீர் வேளை தள்ளிப்போனது, யாரும் முணுமுணுக்கவில்லை. சொல்லைத் திருத்திய கிளார்க்தான் கடைசிவரை அதிகம் கேள்வி கேட்டவர்.

துளிகள் வேலை செய்தனவா? பாச் மலர் மருந்துகள் பற்றிய கட்டுப்பாட்டுப் பரிசோதனைகளைத் தொகுத்து, மாற்று மருத்துவங்களை ஆராயும் பேராசிரியர் எட்சார்ட் ஏர்ன்ஸ்ட் 2010 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நம்பகமான பரிசோதனைகளில் அவற்றுக்கும் போலித் துளிகளுக்கும் வித்தியாசம் இல்லை என்பது அவர் முடிவு. அதை நான் ஏற்கிறேன். இரண்டு துளியை முப்பது மில்லிலீற்றரில் விட்டு, அதில் இரண்டு துளியை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டால் பூவில் என்ன மிஞ்சும்? எனக்கு உதவியது அக்காவின் கேள்வி, தோழியின் துணை, சின்னக் கூட்டத்திலிருந்து பெரிய கூட்டத்துக்குப் படிப்படியாகப் போனது. அப்படியிருந்தும் குருநாகலுக்குப் போகும்போது போத்தல் என் கைப்பையில் இருந்தது. அதைக் கொடுத்தவர் பக்கத்தில் நிற்பதுபோல் ஒரு உணர்வு. அதற்கு மேல் அதற்கு மகத்துவம் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. நித்திரையில்லாமல், நெஞ்சு படபடத்து, வேலைக்கே போக ஏலாமல் இருக்கும் ஒருவருக்கு இந்தப் போத்தலைக் கொடுத்து அனுப்புவது சரியில்லை. அவர் டொக்டரிடம் போக வேண்டும், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

அக்கா ஓய்வுபெற்றுப் போகும்போது லாச்சியை என்னிடம் ஒப்படைத்தார். போன மாதம் சட்டப் பிரிவுத் தம்பி ஒருவர் வந்து மேசை அருகில் நின்றார். சிங்களவர், தமிழ்ச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினவர். கிளிநொச்சிக் கிளையில் தமிழிலேயே பேசச் சொல்லி அனுப்புகிறார்களாம். "அக்கா, அந்தப் பயத்துக்குக் குடிக்கிறது இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"அங்க போனா ஏதும் நடக்கும் எண்டு பயமா தம்பி?"

"சீ, இல்ல. நல்ல சனம்தானே. என்ட தமிழ் கேட்டா சிரிப்பாங்க. எனக்கு இது சரிவராது."

லார்ச் போத்தலைத் தேடி எடுத்தேன். மூடி இறுகிக் கிடந்தது, காலாவதியும் ஆகியிருந்தது. போத்தலைத் திருப்பி வைத்துவிட்டு அவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, த்ரீவீலர் கோப்பொன்றை விரித்து, அதைத் தமிழில் எனக்கு விளங்கப்படுத்தச் சொன்னேன். "நட்டஈடு" என்ற சொல்லிலேயே நாக்குப் புரண்டது. நான் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.