இரத்தம் மறைத்த எல்லைக்கோடு

"சார், ஓரத்தில் ஒரு கோடு மாதிரி தெரிந்ததே" என்று பயிற்சி மருத்துவர் சொன்னபோது, நோயாளியின் இரைப்பையிலிருந்து எண்டோஸ்கோப்பி வழியாக நான் பயாப்ஸி (சோதனைக்கான சதைத்துண்டு) எடுத்து முடித்திருந்தேன். "அழற்சியிலும் அப்படித் தெரியும்மா, அதுதான் சதை எடுத்தாயிற்றே" என்றேன். அவர் அதற்கு மேல் பேசவில்லை.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில், சிறு வளைவின் மேல், சுமார் 8 மி.மீ. அளவில் லேசாகச் சிவந்து, லேசாகக் குழிந்திருந்த திட்டு அது. வெள்ளை ஒளியில், சுற்றியிருந்த தேய்ந்த சளிச்சவ்விலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பதே கடினம். நுரையைக் கழுவிவிட்டு என்.பி.ஐ.க்கு, அதாவது குறுகிய அலைவரிசை ஒளியில் பார்க்கும் முறைக்கு, மாற்றினேன். 415, 540 நானோமீட்டரை ஒட்டிய நீல, பச்சை ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சுவதால், மேற்பரப்பை ஒட்டிய நுண்குழாய்கள் அதில் பழுப்பாகத் துலங்கும். திட்டும் பழுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் பழுப்பு நிறத்தை மட்டும் வைத்துப் புற்று என்று சொல்ல முடியாது. தெளிவான எல்லைக்கோடு இருந்து, அதற்குள் நுண்குழாய்களின் அமைப்போ மேற்பரப்பின் அமைப்போ ஒழுங்கு குலைந்திருந்தால்தான் சொல்லலாம். அதை நம்பிக்கையோடு சொல்ல உருப்பெருக்கமும் வேண்டும். அன்று கையிலிருந்த கருவியில் அந்த வசதி இல்லை.

இந்தக் காரணத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய்யும் அல்ல. ஆனால், நன்றாகப் பார்த்து முடித்த பிறகே பயாப்ஸி எடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித்தருபவன் நான். அன்று சில விநாடிகள் பார்த்ததும் இடுக்கியைக் கேட்டுவிட்டேன். கசிந்த இரத்தம் என்.பி.ஐ. ஒளியில் கருமையாகப் பரவித் திட்டின் ஓரத்தை மூடிவிட்டது. அவர் சொன்ன கோட்டை மறுபடி தேட வேண்டுமென்றால், இரத்தம் நிற்கும்வரை கழுவிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உருப்பெருக்கும் கருவியோடு வேறொரு நாள் பார்க்க வேண்டும். இரண்டையும் நான் செய்யவில்லை. எடுத்தது ஒரே ஒரு துண்டு. இரைப்பைச் சவ்வு குடலின் சவ்வைப்போல் மாறும் குடல்வகை மாற்றம் மட்டுமே இருப்பதாக அறிக்கை வந்தது. ஓராண்டு கழித்து வரும்படி எழுதிக்கொடுத்தேன்.

பதினோரு மாதம் கழித்து, சக மருத்துவர் ஒருவர் உருப்பெருக்கும் கருவியால் பார்த்தபோது கோடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. சளிச்சவ்வைத் தாண்டாத புற்று; வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே, ஓரங்களில் மிச்சமின்றி அகற்றப்பட்டது. "நீங்கள் மறுபடி வரச்சொன்னதால்தான் பிழைத்தேன்" என்று நோயாளி என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நடந்ததை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நிம்மதியைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை. அது கருணையா கோழைத்தனமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பயாப்ஸிக்கு முன் பதிவான படத்தை அதன்பின் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். இப்போது அதில் கோடு தெரிகிறது. விடை தெரிந்த கண்ணுக்குத் தெரிவது அன்றைய கண்ணுக்கும் தெரிந்திருக்குமா என்பதுதான் புரியவில்லை. ஆனால் அந்தப் பயிற்சி மருத்துவருக்குத் தெரிந்ததே! முடிவைச் சொல்வதற்காக அவரை அழைத்தேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "எனக்கும் அன்றைக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை, சார்" என்றார். உண்மையைச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.