அனிமே கணக்கேடு

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் தினமும் ஒரு எபிசோடு பார்ப்பது என் வழக்கம் என்பதால், எந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரை எதுவரை பார்த்தேன் என்று குறித்துவைக்க ஒரு தளம் தேவைப்பட்டது. 2004-இல் தொடங்கிய மை அனிமே லிஸ்ட் தளத்தில் விமர்சனங்கள் குவிந்து கிடக்கின்றன. பலரும் மறந்துபோன பழைய தொடருக்குக்கூட நாலு பேராவது கருத்துச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அங்கே 1 முதல் 10 வரை முழு எண்களில்தான் மதிப்பிட முடியும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கும் தொடரை என்ன செய்வது?

அனிலிஸ்ட் என்ற இன்னொரு தளம் இதில் தாராளம். நூற்றுக்கு இத்தனை என்றோ, தசமத்திலோ, நட்சத்திரங்களாகவோ, வெறும் சிரிப்பு முகமாகவோகூட மதிப்பிடலாம். அடுத்த எபிசோடு வர எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் அதுவே காட்டிவிடுகிறது. மை அனிமே லிஸ்ட்டில் தொடரின் பக்கத்தில் ஜப்பான் நேரப்படி இரவு 11 மணி என்றிருந்தால், மூன்றரை மணி நேரத்தைக் கழித்து, நமக்கு மாலை 7.30 என்று நாமே கணக்குப் போடவேண்டும். (இதில் இரண்டு முறை தப்பும் செய்திருக்கிறேன்.)

பிடித்த தொடரைப் போன்ற இன்னொன்றைத் தேடுவதற்கு மட்டும் அனிமே பிளானட் என்ற மூன்றாவது தளம். மை அனிமே லிஸ்ட்டிலிருந்து என் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி அனிலிஸ்ட்டில் ஏற்ற முடிவதால், சென்ற வாரம் அங்கேயே குடிபெயர்ந்துவிட்டேன். விமர்சனம் படிக்க மட்டும் பழைய வீட்டுக்குப் போய்வருகிறேன்.