முட்டிடிச்சான் பாறையிலிருந்து கோட்டாறு வரை

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். காற்றாடிமலை ஏறும்போதுதான் அதன் பலம் தெரிந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுழல, அம்மா ஒரு கையில் முந்தானையையும் மறு கையில் செபமாலையையும் இறுகப் பிடித்தபடி முன்னே நடந்தார். நான் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே பின்னால்.

"மக்களே, படத்த பெறவு எடுக்கலாம். செபம் சொல்லிட்டு வா." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்தை விட மறுத்த புனித தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட இடம் இது. சுடும்முன் செபிக்கச் சற்று நேரம் கேட்டார் என்பார்கள். இங்கே ஒரு பாறையைக் கல்லால் தட்டினால் மணி போல ஒலிக்கிறது. பிள்ளைகள் போட்டி போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கூச்சத்தை விட்டு நானும் ஒருமுறை தட்டினேன்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அவருக்கு நண்பரானார். அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் சோர்ந்திருந்தவருக்கு டிலனாய் சொன்னது, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலியத்து யோபுவின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. அப்போது பெற்ற லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம்தான் தேவசகாயம்.

இதெல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே படித்ததுதான். மலை உச்சியில் உட்கார்ந்தபோது வேறொரு கணக்கு மனதில் ஓடியது. கைதானது 1749 பிப்ரவரியில். சுட்டது 1752 ஜனவரியில். நடுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடி, விலங்கு, பசி. துப்பாக்கி முன் நிற்க ஒருகணத் துணிச்சல் போதுமோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஆயிரம் விடியல்களில் ஒவ்வொன்றிலும் 'விட்டுவிடுகிறேன்' என்ற ஒரு சொல் நாக்கு நுனியில் காத்திருந்திருக்கும். களைத்த ஒரு நாளில், யாரும் பார்க்காத ஒரு வேளையில், அது தவறி வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. பிடிபடும்முன் இயேசு செபித்த கெத்சமனி தோட்டத்தில் அவருடைய சீடர்களால் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க முடியவில்லை என்பதை நினைத்துக்கொண்டேன். என் கதை அதைவிட மோசம். ஒரு செபமாலை முடிவதற்குள் மூன்றுமுறை செல்போனைப் பார்ப்பவன் நான்.

அன்று காலை முதலில் போனது புலியூர்க்குறிச்சி. தாகத்தில் தவித்த தேவசகாயம் செபித்துவிட்டு முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அதனால்தான் முட்டிடிச்சான் பாறை. அம்மா அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து இரண்டு பாட்டில்.

மாலையில் கோட்டாறு சவேரியார் பேராலயம். தேவசகாயத்தின் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15-இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது இங்கே பெரிய கூட்டம் என்று அம்மா சொன்னார். இன்று பத்துப் பதினைந்து பேர் மட்டும். கல்லறை முன் முழந்தாளிட்டு, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் செபமாலைப் பகுதியான துயர மறைபொருள்களைச் சொல்லத் தொடங்கினேன். இந்த முறை செல்போன் அம்மாவின் பைக்குள்.

முதல் மறைபொருள், கெத்சமனி. அது நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில் 'அருள் நிறைந்த மரியே' எத்தனையாவது என்று தெரியவில்லை. நாள் முழுக்க அலைந்த களைப்பு, தலைக்கு மேலே மின்விசிறியின் தாலாட்டு. கண் சொருகியது.

விலாவில் சுருக்கென்று ஓர் இடி. அம்மாவின் முழங்கை.