1942 ஆகஸ்டில் சாக்வில்: 1/100 அளவு மாதிரிக் கப்பல்

கனடியக் கடற்படையின் ‘சாக்வில்’ என்னும் கார்வெட்டை (சிறிய காவல் போர்க்கப்பலை) 1/100 அளவில் மரத்தில் செய்து வருகிறேன். உண்மைக் கப்பலின் நீளம் சுமார் 62.5 மீட்டர், மாதிரி 62.5 சென்டிமீட்டர். ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அந்தக் கப்பல் இன்றும் நிற்பதால் புகைப்படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவை காட்டுவது 1944ஆம் ஆண்டுத் தோற்றம். எனக்கு வேண்டியது 1942 ஆகஸ்ட் 3. அன்றுதான், பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத சாக்வில், ஆலன் ஈஸ்டனின் தலைமையில் ஓஎன் 115 என்னும் கான்வாயை (காவலுடன் செல்லும் சரக்குக் கப்பல் கூட்டத்தை) காக்கும்போது, அட்லாண்டிக்கின் மூடுபனிக்குள் ஜெர்மானிய நீர்மூழ்கிகளான யு-43ஐ ஆழ்நீர்க் குண்டுகளாலும், யு-552ஐ 4 அங்குலப் பீரங்கியாலும் தாக்கியது. இரண்டும் சேதத்துடன் தப்பின.

இரு தோற்றங்களுக்கும் முதன்மையான வேறுபாடு அணியத்தின் (கப்பலின் முன்பகுதியின்) உயர்ந்த தளம். தொடக்கத்தில் அது பீரங்கிக்குச் சற்றுப் பின்னாலேயே முடிந்துவிடும். அதற்கும் கட்டுப்பாட்டு மேடைக்கும் இடையே திறந்த பள்ளத்தளம். மாலுமிகள் உறங்கியது முன்னே, சமையலறை இருந்தது பின்னே என்பதால், சூடான உணவு அலையடிக்கும் அந்தத் தளத்தைக் கடந்தே வந்தாக வேண்டும். தளம் முடியும் அந்தப் படிவிளிம்பு மழுங்காதிருக்க, உப்புத்தாளை மர அடிக்கோலில் சுற்றித் தேய்த்தேன். கப்பலின் உயர்ந்த கம்பம் கட்டுப்பாட்டு மேடைக்கு முன்னால் நிற்க வேண்டும் (இன்றைய படங்களில் பின்னால் இருக்கும்). மூங்கில் குச்சியை நுனி நோக்கிச் சீவி அதை நட்டாயிற்று.

நீண்ட அணியத்தளம் 1944இல் டெக்சாஸின் கால்வெஸ்டனில் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் கொதிகலன் பழுதாகிக் கான்வாய்ப் பணியிலிருந்து கப்பல் விலக்கப்பட்டது. பிறகு கடலடிக் கம்பி இடும் வேலை, போருக்குப் பின் 1982 வரை ஆய்வுப் பணி, 1985இல் நினைவுக் கப்பல் என்னும் தகுதி. ஆகவே பாதுகாக்கப்பட்டுள்ள தோற்றத்தில் சாக்வில் மிகக் குறைந்த காலமே கான்வாய்களுடன் சென்றது என்பதே என் கணிப்பு. குட்டை அணியத்துக்காகக் கூடுதல் உழைப்பைச் செலவிடுவதற்கு எனக்கு இதுவே காரணம்.

இப்போது பிற்பகுதியில் ஆழ்நீர்க் குண்டுகளை உருட்டிவிடும் தண்டவாளங்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு குண்டும் இந்த அளவில் ஏறக்குறைய 4.5 மி.மீ. தடிமனும் 7 மி.மீ. நீளமும் கொண்ட உருளை. வெட்டும் பலகையில் 7 மி.மீ. தள்ளி ஓர் ஆணியைத் தடுப்பாக அடித்துவிட்டு, உருண்டைக் குச்சியை அதில் முட்டக் கொடுத்து நறுக்கினால், எல்லாம் ஒரே நீளத்தில் விழுகின்றன.